மின்தானுந்து மின்கல அடுக்கின் பழுதுநீக்கமும் மாற்றீடும்

மின்தானுந்து மின்கல அடுக்கின் பழுதுநீக்கமும் மாற்றீடும் என்பது, பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த மின்தானுந்தின் (எலக்ட்ரிக் கார்) பேட்டரியைப் பிரித்துச் சரிசெய்வதா, முழுவதுமாக மாற்றுவதா அல்லது இருக்கும் நிலையிலேயே தொடர்ந்து பயன்படுத்துவதா என்று முடிவு செய்யும் நடைமுறையைக் குறிக்கும். மின்தானுந்தின் உறுப்புகளுள் மின்கல அடுக்கே மிகவும் விலை கூடியது. ஆகையால் பழைய வண்டி ஒன்றை வைத்துக்கொள்வதும் கழித்துவிடுவதும் பெரும்பாலும் இம்முடிவைப் பொறுத்தே அமைகின்றன.

அடுக்கிலுள்ள மின்கலங்கள் யாவும் ஒரே சீராக மூப்படைந்துள்ளனவா, அல்லது ஒரு சில மட்டும் மற்றவற்றினும் நலிந்துள்ளனவா என்பதே இங்கு அடிப்படைக் கேள்வி ஆகும். சீராக மூப்படைந்த அடுக்கில் பழுதுநீக்கத்தால் பெறும் பயன் மிகக் குறைவு. ஒரு சில மின்கலங்கள் மட்டும் நலிந்த அடுக்கை முழுவதும் மாற்றுவது தேவையற்ற செலவு. தட்பவெப்பமும் வண்டி நாள்தோறும் ஓடும் தொலைவும் அடுத்தபடியாகக் கருதப்படுகின்றன. சென்னை – திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் அமைந்த திண்டிவனம், விழுப்புரம் ஆகிய ஊர்கள் இவ்விரண்டிற்கும் நல்ல எடுத்துக்காட்டுகளாகும்.

அமைப்பு

வழக்கில் பேட்டரி என ஒருமையில் கூறப்பட்டாலும் மின்தானுந்தில் இருப்பது ஒரு மின்கலம் அன்று. சிறு மின்கலங்கள் சில சேர்ந்து ஒரு கட்டகமாகவும், கட்டகங்கள் பல சேர்ந்து ஓர் அடுக்காகவும் அமைகின்றன. 2010 திசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் தானுந்தின் 24 கிலோவாட் மணி அடுக்கில் 48 கட்டகங்களும், ஒவ்வொரு கட்டகத்திலும் 4 மின்கலங்களும், ஆக மொத்தம் 192 மின்கலங்களும் இருந்தன. இவை இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்ந்து, அவ்வாறான 96 இணைகள் தொடர் இணைப்பில் அமைந்திருந்தன.

தொடர் இணைப்பே இக்கட்டுரைப் பொருளின் மையமாகும். தொடராக இணைந்த மின்கலங்கள் அனைத்தின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் பாய்கிறது. அவற்றுள் மிக நலிந்தது முதலில் தீர்ந்துவிடும். அதற்குமேல் மின்னிறக்கம் செய்தால் அது கெட்டுவிடும் என்பதால் மின்கல மேலாண்மை அமைப்பு அந்நிலையிலேயே வண்டியை நிறுத்திவிடும். எடுத்துக்காட்டாக, 96 இணைகளுள் 95 இணைகளின் கொள்ளளவு தொடக்க அளவில் 85 விழுக்காடாகவும், ஒன்றின் கொள்ளளவு மட்டும் 60 விழுக்காடாகவும் இருந்தால், அடுக்கு முழுவதும் 60 விழுக்காடு அளவிலேயே இயங்கும். மற்ற 95 இணைகளில் எஞ்சியுள்ள ஆற்றல் உள்ளே இருந்தும் பயன்படாது.

மூப்படைதல்

இலித்தியம் அயனி மின்கலம் இருவகையில் மூப்படைகிறது. மின்னேற்ற, மின்னிறக்கச் சுழற்சிகளால் ஏற்படுவது ஒன்று. வண்டி ஓடாமல் நின்றாலும் காலத்தால் ஏற்படுவது மற்றொன்று. மின்னிறக்கத்தின்போது எதிர்மின்வாயாக இயங்கும் கிராஃபைட்டு மின்வாயின் மேற்பரப்பில் மின்பகுளி சிதைந்து மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. அப்படலம் வளர வளர, மின்னூட்டத்தைச் சுமக்க வேண்டிய இலித்தியம் அதில் சிக்கிக் குறைகிறது. மின்கலத்தின் உள்மின்தடையும் கூடுகிறது. இலித்தியம் குறைவதனால் ஒரு மின்னேற்றத்தில் ஓடும் தொலைவு குறையும். உள்மின்தடை கூடுவதனால் மேட்டில் ஏறும்போதும் முந்திச் செல்லும்போதும் இழுவை குன்றும்.

இவ்வேதிவினையை வெப்பம் விரைவுபடுத்துகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தோராயமான பொது விதி. மின்னேற்றம் நிறைந்த நிலையில் வெயிலில் நீண்ட நாள் நிறுத்துவது, பாதி மின்னேற்றத்தில் நிழலில் நிறுத்துவதைவிடக் கூடுதல் தீங்கு தரும். காற்றாலோ நீர்மத்தாலோ வலிந்து குளிர்விக்கும் அமைப்பு லீஃப் வண்டியின் அடுக்கில் இல்லை. 2012இல் அமெரிக்காவின் அரிசோனா மாநில வெயிலில் ஓடிய லீஃப் வண்டிகளின் கொள்ளளவு எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்தது பெரும் முறையீடானது. அதன்பின் நிசான் நிறுவனம் கொள்ளளவு இழப்பிற்கும் உத்தரவாதம் வழங்கியது.

வெப்பத்தாலும் காலத்தாலும் வரும் இம்மூப்பு அடுக்கு முழுவதையும் ஏறக்குறைய ஒன்றுபோல் பாதிக்கும். ஒரு மின்கலம் மட்டும் தனித்து நலிவதற்குக் காரணங்கள் வேறு: உற்பத்திக் குறை, குளிர்விப்பு சரியாகச் சென்றடையாத மூலை, தளர்ந்த இணைப்பு, உட்புகுந்த நீர்.

பிற பழுதுகளை விலக்கல்

"பேட்டரி போய்விட்டது" என்று கொண்டுவரப்படும் வண்டிகள் அனைத்திலும் பெரிய அடுக்கு கெட்டிருப்பதில்லை. மின்தானுந்துகளிலும் விளக்குகள், கணினிகள், பூட்டுகள் முதலியவற்றை இயக்க 12 வோல்ட் துணை மின்கலம் ஒன்று உண்டு; பெரும்பாலான வண்டிகளில் இது பெட்ரோல் வண்டிகளில் உள்ளது போன்ற ஈய-அமில வகையே. இது நலிந்தால் பெரிய அடுக்கில் மின்னேற்றம் நிறைந்திருந்தும் வண்டி இயங்காது. முன்பலகையில் பல எச்சரிக்கைகள் ஒருங்கே தோன்றும். இதனை மாற்றும் செலவு பெரிய அடுக்கின் விலையோடு ஒப்பிட மிகச் சிறியது.

இலித்தியம் இரும்புப் பாசுபேட்டு வகை அடுக்குகளில் மற்றொரு மயக்கமும் உண்டு. இவ்வகை மின்கலத்தின் மின்னழுத்தம், மின்னேற்றம் குறைந்து வரும்போதும் நெடுநேரம் ஏறத்தாழ 3.2 – 3.3 வோல்ட் அளவிலேயே நிற்கிறது. எனவே மேலாண்மை அமைப்பு மின்னழுத்தத்தைக் கொண்டு மின்னேற்ற நிலையைக் கணிக்க இயலாமல், பாய்ந்த மின்னோட்டத்தைக் கூட்டிக் கழித்தே கணிக்கிறது. இக்கணக்கில் பிழை சேர்ந்துகொண்டே போகும். பல மாதங்கள் அரைகுறையாகவே மின்னேற்றம் செய்யப்பட்ட வண்டியில் 20 விழுக்காடு எனக் காட்டும்போதே வண்டி நின்றுவிடுவதும் உண்டு. மெதுவான மின்னேற்றியில் 100 விழுக்காடு வரை ஏற்றிச் சில மணி நேரம் இணைப்பிலேயே விட்டால் கணக்கு சீராவதுடன் மின்கலங்களும் தம்முள் சமனாகும். பணம் செலவழிக்கும் முன் செய்யத்தக்க முதற்செயல் இதுவே.

உருகி, மின்தொடுப்பி, மின்னழுத்தம் அளக்கும் கம்பிகள், குளிர்விப்பு நீர்க் குழாய் முதலியவற்றின் பழுதுகளும் அடுக்கின் பழுதாகத் தோற்றமளிக்கும். இவை உண்மையான பழுதுநீக்கத்திற்கு உரியவை.

நலநிலையை அளவிடல்

அடுக்கின் தற்போதைய கொள்ளளவுக்கும் புதிதாய் இருந்தபோதைய கொள்ளளவுக்கும் உள்ள விகிதம் நலநிலை எனப்படுகிறது. பணிமனைக் கருவியோ, வண்டியின் சோதனை முனையில் பொருத்தும் சிறு படிப்பானோ இதனைக் காட்டும். ஆயினும் அவ்வெண் மேலாண்மை அமைப்பின் கணிப்பே தவிர நேரடி அளவீடு அன்று. வண்டியை முழுதாக மின்னேற்றி, சீரான வேகத்தில் 10 விழுக்காடு வரை ஓட்டி, மீண்டும் ஏற்றும்போது மின்னேற்றி காட்டும் கிலோவாட் மணியைக் குறித்துக்கொள்வது நம்பகமான குறுக்குச் சோதனையாகும். மின்னேற்றும்போது ஒரு பங்கு ஆற்றல் வெப்பமாக இழக்கப்படுவதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

நலநிலை என்ற ஒற்றை எண்ணைவிட மின்கலங்களுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாடே பயனுள்ள தகவல். இதனை ஓய்வு நிலையில் மட்டும் அளப்பது போதாது. ஓய்வில் ஒன்றுபோல் தோன்றும் மின்கலங்கள் சுமையின்போது வேறுபடும். மின்னேற்றம் 15 – 20 விழுக்காட்டிற்குக் குறைந்த நிலையில் வண்டியை வலுவாக முடுக்கும்போது, ஒரே ஒரு மின்கலம் மட்டும் மற்றவற்றைவிட ஆழமாக இறங்குமானால் அது நலிந்தது எனக் கொள்ளலாம். எல்லாம் ஒன்றாக இறங்கினால் அடுக்கு சீராக மூப்படைந்துள்ளது. பழுதுநீக்கச் செலவு மதிப்பீட்டுடன் இவ்வளவீட்டின் அச்சுப்படியையும் கேட்டுப் பெறுவது உரிமையாளருக்கு நன்று. அளவீடின்றி "முழுதும் மாற்ற வேண்டும்" என்பதும், "இரண்டு செல் மாற்றினால் போதும்" என்பதும் ஊகங்களே.

பழுதுநீக்கம்

நலிந்த கட்டகத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதே பழுதுநீக்கத்தின் பொதுவான வடிவம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 60 விழுக்காடு இணையை மாற்றினால் அடுக்கு 85 விழுக்காட்டிற்கு உயரும். வைக்கப்படும் கட்டகம் புத்தம் புதிதாயினும் அதற்குமேல் உயராது. புதிய கட்டகத்தின் உள்மின்தடை வேறாக இருப்பதால் சமனாக்கலிலும் இடர்ப்பாடு நேரலாம். ஆகவே ஏறக்குறைய ஒத்த நலநிலை கொண்ட பயன்படுத்திய கட்டகமே ஏற்றது. இதற்கு மாறாக, எல்லா மின்கலங்களும் 65 விழுக்காட்டில் இருக்கும் அடுக்கில் இரண்டை மாற்றுவது பழந்துணியில் ஒட்டுப் போடுவதற்கு ஒப்பாகும்; சில மாதங்களில் அடுத்த மின்கலம் நலிவைக் காட்டும்.

சப்பானின் புக்குசிமா மாநிலத்திலுள்ள நாமியே ஊரில் 2018இல் திறக்கப்பட்ட 4ஆர் எனர்ஜி நிறுவன ஆலை இம்முறையைப் பேரளவில் மேற்கொண்டது. திரும்பப் பெறப்பட்ட லீஃப் அடுக்குகளின் 48 கட்டகங்களும் தனித்தனியே அளக்கப்பட்டு, நல்லவை ஒன்றுசேர்த்துப் புதுப்பித்த அடுக்காக்கப்பட்டன. புதுப்பித்த 24 கிலோவாட் மணி அடுக்கு 3,00,000 யென்னுக்கு வழங்கப்பட்டது. புதியதன் விலை அதனினும் இருமடங்கிற்கு மேல். எஞ்சிய கட்டகங்கள் சுமைதூக்கி வண்டி போன்ற எளிய பயன்களுக்கு அனுப்பப்பட்டன.

எல்லா அடுக்குகளும் இவ்வாறு பிரிக்கத்தக்கவை அல்ல. மின்கலங்களை நேரடியாகப் பெட்டியில் பசையிட்டு ஒட்டும் புதிய வடிவமைப்புகள் எடையையும் விலையையும் குறைக்கின்றன. ஆனால் கட்டகம் என்ற இடைநிலையே இல்லாததால் பழுதுநீக்கம் அரிதாகிறது.

மின்தானுந்து அடுக்கின் நேர் மின்னழுத்தம் பொதுவாக 300 வோல்ட்டுக்கு மேற்பட்டது. வண்டியை அணைத்தாலும் பணித்துண்டிப்பியைக் கழற்றினாலும் மின்கலங்களுக்குள் மின்னழுத்தம் இருந்தே தீரும். 1000 வோல்ட் தாங்கும் கையுறை, மின்காப்பிட்ட கருவிகள், பயிற்சி ஆகியவை இன்றி மூடியைத் திறப்பது உயிருக்கு ஆபத்தானது. அதோடு, இந்தியாவில் 2022இல் மின் இருசக்கர வண்டிகள் அடுத்தடுத்துத் தீப்பற்றியதைத் தொடர்ந்து ஏ.ஐ.எஸ். 156, ஏ.ஐ.எஸ். 038 ஆகிய பாதுகாப்புச் செந்தரங்கள் திருத்தப்பட்டு, 2022 திசம்பர், 2023 மார்ச்சு என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. ஒரு மின்கலம் தீப்பற்றினால் அது பரவுவது குறித்த சோதனையும் இவற்றுள் அடங்கும். வேறு மின்கலங்களைத் திணித்து மூடப்பட்ட அடுக்கு அச்சோதனையில் தேறிய அடுக்கு அன்று.

மாற்றீடும் கணக்கும்

புளூம்பெர்க்கு நிறுவனத்தின் ஆற்றல் ஆய்வுப் பிரிவு வெளியிடும் கணக்கின்படி, இலித்தியம் அயனி அடுக்கின் உலகச் சராசரி விலை 2024இல் கிலோவாட் மணிக்கு 115 அமெரிக்க டாலராக இருந்தது. 2010இல் இது 1,000 டாலருக்கும் மேல். இது தொழிற்சாலைகள் மொத்தமாக வாங்கும் விலை என்பதை மறத்தலாகாது. தனியொருவர் உதிரிப்பாகமாக வாங்கும்போது விலை பல காரணங்களால் கூடும். இந்தியாவில் வரியும் அவற்றுள் ஒன்று. 2019 ஆகத்து முதல் மின்தானுந்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு; தனியே வாங்கும் இலித்தியம் அயனி மின்கல அடுக்குக்கோ 2018 சூலை முதல் 18 விழுக்காடு. புது வண்டியோடு வரும் அதே அடுக்கு, மாற்றீடாக வரும்போது மும்மடங்குக்கு மேற்பட்ட வரிவீதத்தைப் பெறுகிறது. பழைய வண்டியைக் காப்பாற்ற விரும்புவோருக்கு இது பாதகமானது.

இரு வழிகளையும் ஒப்பிட, செலவை அதனால் கிடைக்கும் கூடுதல் கிலோமீட்டர்களால் வகுத்துப் பார்ப்பது எளிய முறை. கணக்கை விளக்க மட்டும் கற்பனை எண்களைக் கொள்வோம். பழுதுநீக்கச் செலவு ரூ. 60,000, அதனால் மேலும் 24,000 கி.மீ. ஓடும் எனில் கிலோமீட்டருக்கு ரூ. 2.50 ஆகும். மாற்றீட்டுச் செலவு ரூ. 5,00,000, அதனால் 1,60,000 கி.மீ. ஓடும் எனில் ஏறத்தாழ ரூ. 3.13 ஆகும். ஆனால் வண்டியின் மற்ற உறுப்புகள் 80,000 கி.மீ. மட்டுமே தாங்கும் நிலையில் இருந்தால் மாற்றீட்டின் செலவு கிலோமீட்டருக்கு ரூ. 6.25 ஆகிவிடும். புதிய அடுக்கின் முழு ஆயுளையும் பழைய வண்டி பயன்படுத்திக்கொள்ளுமா என்பது அடிக்கடி விட்டுப்போகும் கேள்வி.

இந்தியாவில்

இந்தியாவில் இச்சிக்கலை முதலில் எதிர்கொண்டோர் ரேவா உரிமையாளர்கள். 2001இல் பெங்களூரில் விற்பனைக்கு வந்த இச்சிறு தானுந்தில் 6 வோல்ட் ஈய-அமில மின்கலங்கள் எட்டு தொடராக இணைந்து 48 வோல்ட் தந்தன. ஒரு மின்னேற்றத்தில் 80 கி.மீ. ஓடும் எனக் கூறப்பட்டது. எட்டில் ஒன்று நலிந்தாலும் தொலைவு சுருங்கியது. ஆனால் ஒவ்வொன்றும் தனிப்பெட்டி ஆதலால், எது நலிந்தது என்பதைச் சாதாரண மின்னழுத்தமானி கொண்டே கண்டறிய முடிந்தது. 2009இல் இதன் இலித்தியம் அயனி வடிவம் வந்தது. 2010இல் மகிந்திரா நிறுவனம் ரேவாவின் பெரும்பங்கை வாங்கி, 2013இல் இ2ஓ தானுந்தை வெளியிட்டது.

ஊண்டாய் கோனா மின்தானுந்து 2019 சூலையில் இந்தியாவில் அறிமுகமாகி, சென்னைக்கு அருகிலுள்ள ஆலையில் பொருத்தப்பட்டது. உயர் மின்னழுத்த அடுக்கில் குறை இருக்கக்கூடும் என்ற ஐயத்தால் 2020 திசம்பரில் 456 வண்டிகள் சோதனைக்குத் திரும்ப அழைக்கப்பட்டன. உற்பத்திக் குறையால் ஏற்படும் நலிவு மூப்பு ஆகாது. அதன் செலவு உற்பத்தியாளரையே சாரும். எனவே பழைய வண்டி வாங்குவோர் அவ்வகை அழைப்பு நிலுவையில் உள்ளதா என முதலில் பார்த்தல் வேண்டும்.

2020 சனவரியில் 30.2 கிலோவாட் மணி அடுக்குடன் வந்த டாட்டா நெக்சான் மின்தானுந்துக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை அடுக்கு உத்தரவாதம் அளிக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவை 2022இல் ஏற்ற உலகத் தொழில்நுட்ப ஒழுங்குமுறை எண் 22, அடுக்கு 5 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ. வரை 80 விழுக்காடும், 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை 70 விழுக்காடும் ஆற்றலைத் தக்கவைக்க வேண்டும் என்கிறது. இந்திய உத்தரவாதங்களில் எல்லை எது என்பதற்கு அந்தந்த ஒப்பந்த வாசகமே சான்று. முதல் நெக்சான் வண்டிகளின் எட்டாண்டுக் காலம் 2028இல் நிறைவுறுகிறது. அதற்குச் சில மாதங்கள் முன்னரே நலநிலையை அளந்து எழுத்தில் பெறாத உரிமையாளர், இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய அடுக்கைப் பின்னர் விலைகொடுத்து வாங்க நேரிடலாம். உத்தரவாதக் காலத்தில் வெளிப் பணிமனையில் அடுக்கைத் திறப்பதும் அவ்வுரிமையை இழக்கச் செய்யும்.

அடுக்கை வண்டியிலிருந்து பிரித்து வாடகைக்கு விடும் முறையும் தோன்றியுள்ளது. 2024 செப்டம்பரில் எம்.ஜி. விண்ட்சர் தானுந்து, அடுக்கு நீங்கலாக ரூ. 9.99 இலட்சத்துக்கும், அடுக்குக்குக் கிலோமீட்டருக்கு ரூ. 3.50 வாடகைக்கும் அறிவிக்கப்பட்டது.

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில்

சென்னையிலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 120 கி.மீ., விழுப்புரம் ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவில் உள்ளன. இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தொலைவு 40 கி.மீ. அளவினது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரியும் அத்தொலைவிலேயே உள்ளது. 30.2 கிலோவாட் மணி அடுக்கு, கிலோவாட் மணிக்கு 6.5 கி.மீ. ஓடுவதாகக் கொண்டால் புதிதில் 196 கி.மீ. செல்லும், விழுப்புரத்தில் கிளம்பினால் இடையில் நிற்காமல் சென்னையை அடையலாம். நலநிலை 80 விழுக்காடானால் 157 கி.மீ. மட்டுமே, சென்னை எட்டாது. 70 விழுக்காட்டில் 137 கி.மீ.; திண்டிவனத்திலிருந்து புறப்பட்டால் மட்டும் சென்னையைத் தொடலாம், அதுவும் சிறிதே எஞ்சும்.

அதே 70 விழுக்காடு அடுக்கு, விழுப்புரத்தில் குடியிருந்து திண்டிவனத்தில் பணிபுரியும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 80 கி.மீ. போக வரப் போதுமானது. இரவில் வீட்டில் மின்னேற்றிக் கொள்ளலாம். நெடுஞ்சாலையில் வாடகைக்கு ஓடும் வண்டிக்கு அது தேய்ந்த அடுக்கு. எனவே அடுக்கின் ஆயுள் முடிந்தது என்பது வேதியியல் அளவு மட்டுமன்று, பயன்பாட்டையும் சார்ந்தது. வழியில் ஒருமுறை விரைவு மின்னேற்றம் செய்ய அரைமணி முதல் ஒருமணி நேரம் செலவிட இசைபவர், மாற்றீட்டைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.

உள்நாட்டுப் பகுதியான விழுப்புரத்தில் கத்திரி வெயில் நாட்களில் வெப்பநிலை 40 பாகை செல்சியசை நெருங்குவது வழக்கம். கூரையற்ற இடத்தில் நிற்கும் வண்டியின் அடிப்பகுதி, தார்ச்சாலையின் சூட்டையும் சேர்த்து வாங்குகிறது. திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணம் உப்பளக் கடற்கரையை ஒட்டி வாழ்வோர், இணைப்பிகளில் உப்புக்காற்றால் ஏற்படும் அரிப்பையும் கவனிக்க வேண்டும். இது எளிதில் பழுதுநீக்கத் தக்கது.

வெள்ளத்தில் மூழ்கிய அடுக்குகள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. விழுப்புரம் மாவட்டத்தின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. அரசூர் அருகே நெடுஞ்சாலையில் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து தடைப்பட்டது.

மின்தானுந்து அடுக்குகள் பெரும்பாலும் ஐ.பி. 67 தரக் காப்புடையவை. இது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதைக் குறிக்கும். இரவு முழுதும் சேற்றுநீரில் நிற்பதைக் குறிக்காது. பல ஆண்டுகள் ஓடிய அடுக்கில் இரப்பர் அடைப்புகள் இறுகியும் இருக்கக்கூடும். உட்புகுந்த நீர் வடிந்தபின்னும் உப்பும் ஈரமும் தங்கி மின்கசிவையும் உட்குறுக்குச் சுற்றையும் உண்டாக்கும். 2022இல் அமெரிக்காவின் புளோரிடாவை இயன் சூறாவளி தாக்கியபின், கடல்நீரில் மூழ்கிய மின்தானுந்துகள் சில நாட்கள் கழித்தும் தீப்பற்றின.

ஆகவே மூழ்கிய வண்டியை இயக்கிப் பார்ப்பதோ மின்னேற்றியில் இணைப்பதோ கூடாது. வீட்டிலிருந்தும் பிற வண்டிகளிலிருந்தும் விலக்கித் திறந்தவெளியில் நிறுத்தி, மின்காப்புத் தடையைப் பயிற்சி பெற்றவரைக் கொண்டு அளக்க வேண்டும். உள்ளே நீர் புகுந்தது உறுதியானால் கட்டகங்களைத் தேர்ந்தெடுத்து மாற்றும் முறை பொருந்தாது. அடுக்கு முழுவதும் மாற்றப்பட வேண்டியதே. சீரான மூப்பிற்கு வண்டிக் காப்பீடு ஈடு தருவதில்லை. வெள்ளச் சேதமோ முழுமைக் காப்பீட்டின் கீழ் கோரத்தக்கது. ஆயினும் நீர் புகுதல் குறித்த விலக்குகளும் கூடுதல் இணைப்புகளும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும்.

கழற்றிய அடுக்கு

இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் மின்கல விதிகள் ஈய-அமில மின்கலங்களை மட்டுமே கருத்தில் கொண்டிருந்தன. 2022 ஆகத்தில் அறிவிக்கப்பட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் மின் வண்டி மின்கலங்களையும் உள்ளடக்கின. இவற்றின்படி கழிவு மின்கலங்களைத் திரும்பப் பெற்றுப் புதுப்பிப்பதும் மறுசுழற்சி செய்வதும் உற்பத்தியாளரின் பொறுப்பு. நிலத்தில் புதைப்பதும் எரிப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. பயனர் அவற்றை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல், சேகரிப்போரிடமோ புதுப்பிப்போரிடமோ மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைக்க வேண்டும்.

வண்டிக்கு உதவாத 60 – 70 விழுக்காடு அடுக்கு, எடையும் விரைவு மின்னிறக்கமும் பொருட்டல்லாத இடங்களில், எடுத்துக்காட்டாகச் சூரிய மின்தகடுகளின் ஆற்றலைச் சேமிக்க, மேலும் சில ஆண்டுகள் பயன்படும். அதனால் மாற்றீட்டின்போது பழைய அடுக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. 2014இல் நிசான் அமெரிக்காவில் புதிய அடுக்கை 5,499 டாலருக்கு விற்றபோது பழையதைத் திருப்பித் தருவதை நிபந்தனையாக்கியிருந்தது. விலை பேசும்போது பழைய அடுக்கு யாருக்கு, எவ்வளவு கழிவுக்கு என்பதைத் தனி வரியாக எழுதி வாங்குவது வழக்கமாகி வருகிறது.